ஒன்றுபோலத் தெரிந்த வரிகள்

லஸ் முனையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது இம்ரான் கூப்பிட்டான். ஹசீனாவின் தம்பி. முந்தைய நாள் முழுக்க அவன் கூப்பிட்டதெல்லாம் ரத்தம் கொடுக்க ஆள் கிடைத்ததா என்று கேட்பதற்குத்தான். அதனால் போனை எடுத்ததுமே, "ரெண்டு பேர் வர்றாங்க இம்ரான், அடையாறுலேர்ந்து கெளம்பிட்டாங்க" என்று நானே சொன்னேன். அவன், "வேணாம்க்கா. வர வேணாம்னு சொல்லிடுங்க" என்றான்.

"ஏன், வேற ஆள் கெடைச்சுட்டாங்களா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"அக்கா மவுத்தாயிட்டாக்கா" என்றான்.

அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு வர வேண்டாம் என்றேன். ஒருவர், "பாதி வழி வந்துட்டேங்க, வேற யாருக்காவது குடுத்துட்டுப் போறேன்" என்றார். நன்றி சொல்லாமலே போனை வைத்தேன். என் பஸ் வந்தது, நின்றது, போனது.

இதைப் படிக்கும் உங்களில் பலர் ஹசீனாவை அறிவீர்கள். நம் தமிழ்க் கணினிக் குழுவின் மாதக் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பேசுபவரைவிடச் சத்தமாகச் சிரித்தவள். 'என் திரையில் தமிழ் எழுத்து உடைகிறது' என்று குழுவில் யார் எழுதினாலும் முதல் பதில் அவளிடமிருந்துதான் வரும். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நானும் அவளும் தி.நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகும் நோயாளியின் கையில் ஒரு தமிழ்த் தாள் கொடுப்பார்களே, எந்த மாத்திரையை எப்படிப் போடுவது, எதைச் சாப்பிடக் கூடாது என்று, அந்தத் தாள்களைத் தயாரிப்பது எங்கள் வேலை. வாக்கியங்கள் என் பொறுப்பு. கோப்புகள் அவள் பொறுப்பு.

ஒவ்வொரு தாளும் ஒரு கோப்பு. அதில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும், செய்தவர் பெயரோடும் ஒரு குறிப்போடும் 'கிட்' என்ற மென்பொருள் சேமித்து வைக்கும். அப்படிச் சேமிப்பதற்குக் கமிட் என்று பெயர். கறுப்புத் திரையில் ஒற்றை வரிக் கட்டளை கொடுத்தால் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் ஒப்பிட்டுக் காட்டும். போன வரி கழித்தல் குறியோடு சிவப்பில், வந்த வரி கூட்டல் குறியோடு பச்சையில். அதுதான் டிஃப். எல்லாரும் அழகான ஜன்னல்களில் சொடுக்கிப் பார்த்துக்கொண்டிருக்க, ஹசீனா மட்டும் கட்டளை அடித்துத்தான் பார்ப்பாள். "அதுல நான் கேட்டா சொல்லும். இதுங்க கேக்காமயே கத கட்டும்" என்பாள்.

சேர்ந்த புதிதில், ஒரே ஒரு வரி எனக்குச் சிவப்பிலும் பச்சையிலுமாக வந்து நின்றது. இரண்டையும் திரும்பத் திரும்பப் படித்தேன். புள்ளி, கொம்பு, கால், இடைவெளி, எதிலும் வித்தியாசம் இல்லை. "ரெண்டும் ஒண்ணுதானே, இது ஏன் மாறியிருக்குன்னு சொல்லுது? கெட்டுப்போச்சா?" என்று அவளைக் கேட்டேன்.

"ஏ மைலாப்பூர், உன் கண்ணுக்கு ஒண்ணு. உள்ள வேற வேற கீது" என்றாள். என் வீடு இருக்கும் இடத்தை வைத்து எனக்கு அவள் இட்ட பெயர் அது, கடைசிவரை மாறவில்லை. பிறகு என் நாற்காலியை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு விளக்கினாள். 'கொ' என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகச் சேமிக்கலாம். தனித்தனியாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒரே 'கொ'தான். கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். பழைய தட்டச்சு முறைகளிலிருந்து வந்த எங்கள் கோப்புகளில் இரண்டு வகையும் கலந்து கிடந்தன. இதற்காக அவள் ஒரு சல்லடை எழுதி வைத்திருந்தாள். ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டு பக்கத்தையும் அந்தச் சல்லடை ஒரே வகைக்குக் கொண்டுவந்துவிடும். அதன் பிறகு மிஞ்சுவது மட்டும்தான் உண்மையான மாற்றம்.

டிஃப்பைப் படிப்பதில் அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பச்சையைக் கையால் மறைத்துக்கொண்டு சிவப்பை முதலில் படிப்பாள். "எல்லாரும் புதுச படிச்சிட்டு நல்லாக்கீதுன்றானுங்க. இன்னா போச்சுன்னு எவனும் பாக்கறதில்ல." இதை அவள் வாயால் கேட்காதவர்கள் நம்மில் யாரும் இருக்க முடியாது.

ஒருமுறை வெளியிலிருந்து பிழை திருத்திக் கொடுத்த ஒருவர், 'மாத்திரையை மெல்லாமல் விழுங்கவும்' என்பதை 'மாத்திரையை மெல்ல விழுங்கவும்' என்று மாற்றியிருந்தார். படித்தால் நல்ல தமிழ். எங்கள் முதலாளி ராகவன் சார் படித்தார், சரி என்றார். நானும் படித்தேன். ஹசீனா சிவப்பைப் படித்துவிட்டு எழுந்து நின்றாள்.

"சார், யாரு சார் இது? மெல்லக் கூடாதுன்னு இருந்துது. இப்ப மெதுவா முழுங்குன்னு கீது. இது மாத்திரையா, கேப்பங்களியா?"

"ஒரு எழுத்துக்கு இவ்வளவு கத்தணுமாம்மா?" என்றார் அவர்.

"எழுத்து பேப்பர்ல நிக்காது சார். வயித்துக்குள்ள போவும்."

வயிற்றில் மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரை அது. மென்றால் மொத்தமும் ஒரேயடியாக ரத்தத்தில் கலந்துவிடும். அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் அவள் என்னிடம், "உன் தமிழ் இன்னா தமிழ்டீ. ஒரு 'ஆமல்' போனா ஒரு ஆள் போயிடுவான்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்த வாரம் முழுக்கப் பழைய தாள்கள் எல்லாவற்றையும் மறுபடி ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

திருவல்லிக்கேணியில், வாலாஜா பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கும் அவள் வீட்டுக்கு நான் சில தடவை போயிருக்கிறேன். ஒருநாள் அவளுடைய அம்மா, அவள் வாயில் அம்மி, ஒரு சம்பந்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நல்ல இடம், கல்யாணத்துக்குப் பிறகு எப்படி வேண்டுமானாலும் இருந்துகொள்ளலாம் என்கிறார்கள் என்றார். "மொத தடவ வந்தப்ப இன்னா சொன்னாங்க அம்மி? அத அப்படியே சொல்லு" என்றாள் ஹசீனா. அம்மி யோசித்து, "வேலைக்குப் போலாம்னாங்க" என்றார். "இப்ப வேலன்ற வார்த்த கீதா?" அம்மி இல்லை என்று தலையாட்டினார். "போச்சு பாத்தியா? வேலைய எடுத்துட்டு 'எப்படி வேணா'ன்னு போட்டுக்கீறாங்க. எவ்ளோ நீட்டா கீது!" அம்மி என்னைப் பார்த்து, "பாரு பேட்டா, இவகூட யாரு குடும்பம் நடத்துவா?" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அந்த இடம் அதோடு நின்றுபோனது.

இந்தக் காய்ச்சல் வந்தபோது முதலில் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். பிறகு டெங்கு என்றார்கள், மருத்துவமனையில் சேர்த்தார்கள். தினமும் ரத்தத்தில் தட்டணுக்கள் எவ்வளவு என்று தாள் வரும். நேற்றைய தாளையும் இன்றைய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் கட்டிலருகே உட்கார்ந்திருப்பேன். "இன்னாத்துக்கு மொறச்சி மொறச்சிப் பாக்கற? டிஃப் போட்டுப் பாரு மச்சி, எல்லாம் செவப்பாத்தான் வரும்" என்றாள். உதடு வெடித்திருந்தது. அதற்கும் நான் சிரித்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றுவதற்கு முன் அவள் என்னிடம் சொன்னது வேலையைப் பற்றித்தான். இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். உயிர் போகும் நேரத்தில் வேலையைப் பேசினாள் என்று ஒருவரைப் புகழ்வது எனக்குப் பிடிக்காது. ஆனால் தான் போகப்போவது அவளுக்குத் தெரியாது. அடுத்த வாரம் எழுந்து வருவதாக நினைத்துக்கொண்டுதான், "என் பிராஞ்ச்ச பாக்காம சேக்காத. நானா இருந்தாலும் பாத்துட்டுச் சேரு" என்றாள். பிராஞ்ச் என்பது மூலக் கோப்புகளோடு இன்னும் சேராத, ஒருவர் தனியாகச் செய்து வைத்திருக்கும் மாற்றங்களின் தொகுப்பு. சரி என்றேன்.

ஜனாஸா ஊர்வலம் கிளம்பியபோது ஆண்கள் போனார்கள். நான் பெண்களோடு வீட்டில் இருந்தேன். தெருமுனை திரும்பும்வரை பார்க்கலாம் என்று யாரோ என்னை ஜன்னலருகே விட்டார்கள். எதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை.

அலுவலகம் திரும்பிய அன்று ராகவன் சார் என்னைக் கூப்பிட்டார். அந்த வாரத்துக்குள் தாள்கள் அச்சுக்குப் போக வேண்டும். தாள்களை வாங்கும் மருத்துவமனையின் டாக்டர் அம்மா சொன்ன புதிய திருத்தங்கள் எல்லாம் ஹசீனாவின் பிராஞ்ச்சில்தான் இருந்தன. பழைய வடிவத்தையே அச்சடித்தால், தவறு என்று ஏற்கெனவே தெரிந்த வரிகள் நோயாளிகளின் கைக்குப் போகும். நான் பிராஞ்ச்சைத் திறந்து டிஃப் கட்டளை கொடுத்தேன். திரை சிவப்பும் பச்சையுமாக ஓட ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் எல்லா வரிகளும் மாறியிருந்தன. எல்லாமே ஒன்றுபோல இருந்தன.

காரணம் சீக்கிரமே தெரிந்தது. கோப்புகள் முழுவதிலும் இருந்த 'கொ', 'கோ' எல்லாவற்றையும் அவள் ஒரே வகைக்கு மாற்றியிருந்தாள். அதே கமிட்டில் டாக்டரின் திருத்தங்களையும் செய்திருந்தாள். மற்றவர்கள் இப்படிச் செய்தால் அவள் சண்டைக்குப் போவாள்: "வெள்ளையடிக்கறதும் செவுத்த இடிக்கறதும் ஒரே நாள்லயா?" அவளே செய்திருந்தாள். அந்தச் சல்லடையை எங்கள் எல்லாருடைய கணினியிலும் தேடினேன். 'இந்தக் கோப்புகளைச் சல்லடை வழியாகப் பார்' என்ற குறிப்பு மட்டும் கோப்புகளோடு எல்லாருக்கும் வந்திருந்தது. சல்லடை வரவில்லை. அந்த அமைப்பு அவரவர் கணினியிலேயே தங்கிவிடும், பயணம் செய்யாது. சல்லடை இல்லையென்றால் கிட் ஒரு வார்த்தைகூட எச்சரிக்காமல் சாதாரணமாகவே ஒப்பிட்டுக் காட்டிவிடும். இத்தனை காலமும் அது தன்னிடம் மட்டுமே இருந்தது அவளுக்கும் தெரிந்திருக்காது. அவளுடைய மடிக்கணினியை இம்ரான் கொண்டுவந்து கொடுத்தான். கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை.

கமிட் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்த்தேன். "டிஃப் எது மாறிச்சுன்னு சொல்லும். ஏன்னு நீதான் எழுதணும்" என்று எல்லாரையும் பிடுங்கி எடுத்தவள். பத்தி பத்தியாகக் காரணம் எழுதுபவள். அதில் இவ்வளவுதான் இருந்தது: 'பாதிதான். தலை சுத்துது. ஏன்னு நாளைக்கு எழுதறேன்.'

அன்று நான் கழிப்பறையில் போய் அழுதேன். வெளியே வந்ததும் ராகவன் சார் மெதுவாகத்தான் சொன்னார். "ஏம்மா, பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு? அந்தப் பொண்ணு தப்புப் பண்ணாது. அப்படியே சேத்துடு."

"பாக்காம சேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கா சார்."

"யாரு?"

"அவதான்."

அவர் தன் மேஜைக்குத் திரும்பிப் போனார். டாக்டர் அம்மாவைக் கூப்பிட்டேன். "அன்னிக்கே ஹசீனாகிட்ட எல்லாம் சொல்லிட்டேனேம்மா. மறுபடி மொத்தமா ஞாபகம் இல்லையே. எந்த எந்த வரின்னு கேளு, சரியா தப்பான்னு சொல்றேன்" என்றார். எந்த வரி என்று தெரிந்தால் நான் ஏன் கேட்கப்போகிறேன்? அதைத் தெரிந்தவள் ஒருத்திதான். அவளைக் கேட்கப் போனை எடுத்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? எடுத்தேன். அவள் பெயர்வரைக்கும் போனேன்.

முதலில் கண்ணால் படித்துப் பார்த்தேன். சிவப்பு ஒரு வரி, பச்சை ஒரு வரி, அடுத்தது, அடுத்தது. சில தாள்களைக் கடந்ததும் எழுத்துகள் அர்த்தமிழந்தன. ஒன்றுபோல இருக்கும் இரண்டை ஒன்றுபோல இருக்கின்றன என்று உறுதி செய்துகொண்டே இருப்பது புத்தியைக் கலக்கிவிடுகிறது. நடுவில், சாப்பாட்டுக்கு 'முன்' என்பது 'பின்'னாக மாறியிருந்தால் அதை நான் தாண்டிப் போயிருப்பேன். தாண்டிப் போகவில்லை என்று சொல்ல என்னிடம் எந்தச் சாட்சியும் இல்லை. அந்த வரியை நம்பி யாரோ ஒருவர் வீட்டில் மாத்திரையைக் கையில் எடுப்பார்.

அதனால் நானே ஒரு சல்லடை எழுத உட்கார்ந்தேன். கட்டளைகளுக்கும் எனக்கும் தூரம் அதிகம். நம் குழுவில் இரண்டு பேர் பொறுமையாக உதவினார்கள். அவர்கள் இதைப் படிப்பார்கள், அவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கத்தையும் ஒரே வகை எழுத்துக்குக் கொண்டுவந்து, வரி வரியாக இல்லாமல் சொல் சொல்லாக ஒப்பிடச் சொன்னேன். முதலில் ஒன்றுமே வரவில்லை. அடுத்த முறை எல்லாம் உடைந்து வந்தது. பிறகு ஒரு மதியம், கீழே பாத்திரக் கடையில் எதையோ போட்டு உருட்டிக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவே, திரை ஓடாமல் நின்றது. அந்தச் சிவப்புக் கடல் முழுக்க வற்றி, ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் மாற்றங்கள் மிஞ்சின.

பச்சையைக் கையால் மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். சர்க்கரை நோயாளிகளின் தாளில் ஒரு 'பின்' 'முன்' ஆகியிருந்தது. டாக்டர் அம்மா, "ஆமா, சரி" என்றார். இன்னொரு தாளில் அரை மாத்திரை ஒன்றாகியிருந்தது. "சரி." எல்லாம் சரியாக வந்தன. கடைசியாக, இதய நோயாளிகளின் தாள். போன வரி: 'மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் குடிக்க வேண்டாம்.' வந்த வரி: 'தண்ணீர் நிறையக் குடிக்கவும்.'

இதையும் அவர் சரி என்று சொல்ல வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். மருத்துவத்தில் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன்.

"யாருக்கு, ஹார்ட் பேஷன்ட்டுக்கா? ஐயோ வேண்டாம்மா, மூச்சு முட்டிப் போயிடுவாங்க. அது நான் காய்ச்சல் தாளுக்குச் சொன்னதாச்சே" என்றார்.

காய்ச்சல் தாளைத் திறந்தேன். அதில் அந்த வரி இல்லை. அந்தக் கமிட்டைச் செய்த நாளில் அவளோடு போனில் பேசியது எனக்கு நினைவிருக்கிறது. அம்மி பக்கத்தில் நின்று, "குடி பேட்டா, இன்னும் ஒரு வாய்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். "தண்ணி குடி தண்ணி குடின்னு என்ன மெட்ரோ வாட்டர் லாரி ஆக்கிட்டாங்க மச்சி" என்றாள். காதில் விழுந்துகொண்டே இருந்த அந்த வாக்கியத்தைச் சுற்றுகிற தலையோடு எழுதியிருக்கிறாள். எழுதிய கோப்புதான் மாறிவிட்டது.

இதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை. இறந்தவர்களைப் பற்றிப் பேசும்போது பச்சையை மட்டும் படிப்பது நம் எல்லாருக்கும் வழக்கம். அவள் அதைப் பொறுத்துக்கொண்டவள் இல்லை.

இதய நோயாளிகளின் தாளில் அவள் வரியை எடுத்துவிட்டுப் பழைய வரியைத் திரும்ப வைத்தேன். ஏன் என்பதையும் குறிப்பில் எழுதினேன்: 'இந்த வரி காய்ச்சல் தாளுக்கானது. எழுதியவருக்கு அப்போது காய்ச்சல்.' பிறகு காய்ச்சல் தாளில், இருக்க வேண்டிய இடத்தில், அதே வரியைச் சேர்த்தேன். எழுதியவர் ஒருவர், சேர்த்தவர் வேறொருவர் என்று பதிய கிட் இடம் தருகிறது. எழுதியவர் என்ற இடத்தில் அவள் பெயரைப் போட்டேன். தாள்கள் அச்சுக்குப் போய்விட்டன. இந்த மழைக்காலத்தில் காய்ச்சலோடு வீடு திரும்பும் யாரிடமாவது யாராவது அதைப் படித்துக்காட்டுவார்கள்.

அவளிடமிருந்து நீங்கள் ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டிருப்பீர்கள்: அவள் சிரிப்பை, அவள் தீர்த்துவைத்த சிக்கல்களை, சிவப்பை முதலில் படிக்கும் பழக்கத்தை. நான் வைத்துக்கொள்வது நானே எடுத்துப்போட்ட அந்தத் தவறான வரியை. அது அழியவில்லை. கட்டளை கொடுத்தால் கழித்தல் குறியோடு, சிவப்பில், அவள் பெயரோடு வந்து நிற்கிறது. தினமும் ஒருமுறை அதைப் பார்க்கிறேன். நான் உனக்குக் கொடுத்த வாக்கின்படி, பார்த்துவிட்டுத்தான் சேர்த்தேன், ஹசீனா.